ஷம்வீல் நபியும் ஆற்றங்கரைச் சோதனையும்

 



ஸூரத்துல் பகராவின் 246 முதல் 251 வரையான வசனங்கள் பனூ இஸ்ராயீலரின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையை எடுத்துரைக்கின்றன. மூஸா (அலை) அவர்களுக்கு நெடுங்காலம் பின்னர், அம்மக்களின் தலைவர்கள் தம் நபியிடம் வந்து, தமக்கோர் அரசரை நியமித்துத் தருமாறு வேண்டினர். அந்நபியின் பெயரை அல்குர்ஆன் குறிப்பிடவில்லை. தப்ஸீர் ஆசிரியர்கள் பலர் அவரை ஷம்வீல் (அலை) என்பர். பைபிளில் அவர் சாமுவேல் என அழைக்கப்படுகின்றார். கி.மு. 11ஆம் நூற்றாண்டு அவர்தம் காலமெனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது.

அக்காலத்தில் பனூ இஸ்ராயீலருக்கு மன்னர் இருக்கவில்லை. கோத்திரங்களாகப் பிரிந்து வாழ்ந்த அவர்களைக் கடற்கரைச் சமவெளியின் பெலிஸ்தியர் வென்று, புனிதப் பேழையாகிய தாபூத்தையும் கைப்பற்றினர் என்று முன்னைய வேதம் கூறுகின்றது. நெடுநாள் குழந்தையின்றி வருந்திய தாயொருவர் நேர்ச்சை செய்து பெற்ற பிள்ளையே இந்நபி என்றும், முதுமையில் அவர் நீதிபதிகளாக நியமித்த புதல்வர் இருவரும் இலஞ்சம் வாங்கினர் என்றும் அதே வேதம் உரைக்கின்றது. இவ்விவரங்கள் அல்குர்ஆனில் இல்லை. முன்னையோரின் அறிவிப்பாகவே இவற்றைக் கூறுகின்றோம். ஆயினும், தந்தையின் தக்வா பிள்ளைக்குச் சொத்தைப்போல் தானாக வந்து சேராது என்பதைப் பெற்றோர் சிந்திக்க இது இடமளிக்கின்றது.

அம்மக்கள் அரசரைக் கேட்டதற்குக் கூறிய காரணம் யாது? தம் வீடுகளிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் தாம் வெளியேற்றப்பட்டுள்ளோம் என்பதே. வன்னி மண்ணில் வாழ்வோருக்கு இச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் தம் வீடுவாசலை இழந்தனர். வெளியேறியோரிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பும் அதன் சுற்றுப்புறமும் போர்க்களமாகியபோது, இங்கு வாழ்ந்த தமிழ் மக்களும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஓடினர். வீடிழந்த துயரம் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதன்று.

பனூ இஸ்ராயீலரின் முறைப்பாடு நியாயமானதே. எனினும் கடமை விதிக்கப்பட்டபோது, சிலரைத் தவிர ஏனையோர் பின்வாங்கினர். பட்ட துன்பம் மட்டும் ஒரு சமூகத்தை நிமிர்த்திவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அல்லாஹ் தாலூத்தை அரசராக்கினான் என நபி அறிவித்தார். "செல்வம் இல்லாத இவருக்கு ஆட்சியா?" என்ற கருத்தில் மக்கள் மறுத்தனர். அல்லாஹ்வே அவரைத் தேர்ந்தெடுத்து, அறிவிலும் உடல் வலிமையிலும் சிறப்பித்துள்ளான் என்பதே நபியின் மறுமொழி. பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஆட்களைத் தெரிவுசெய்கையில் நாம் பணப்பையைப் பார்க்கின்றோமா, அறிவையும் ஆற்றலையும் பார்க்கின்றோமா?

பின்னர் வந்தது ஆற்றுச் சோதனை. தாகத்துடன் வந்த படையினர் ஒரு கை நீருக்கு மேல் அருந்தலாகாது என்றார் தாலூத். பெரும்பாலோர் அருந்தினர், சிலரே கட்டுப்பட்டனர். அவருடன் ஆற்றைக் கடந்தோரின் தொகை பத்ர் ஸஹாபாக்களின் தொகையைப் போன்று முந்நூற்றுப் பத்துக்குச் சற்று மேற்பட்டது என ஸஹீஹுல் புகாரியில் காணப்படுகின்றது. அச்சிறு கூட்டத்திலிருந்தே தாவூத் (அலை) எழுந்து ஜாலூத்தை வீழ்த்தினார்.

இளைஞர்களே! அங்கு தடுக்கப்பட்டது மதுவன்று, தண்ணீர். ஹலாலான பொருளிலேயே எல்லை வகுக்கப்பட்டது. தன் தாகத்தை அடக்கத் தெரிந்தவனே தன் கோபத்தையும் அடக்குவான். காணி எல்லை அழிந்து, உறுதிகள் தொலைந்து, காடு மண்டிய ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்கு எல்லைக்கல்லே ஆறாகும். நமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பது, அயலவரின் ஒரு முழ நிலத்தையேனும் எடுக்க அனுமதிச் சீட்டாகாது. நமது பங்கைச் சட்டப்படி கேட்போம். அது நம் உரிமை. அதற்கு மேல் ஒரு கையளவும் வேண்டாம்.

ஷம்வீல் நபி தம் முதுமையில் மக்களை ஒன்றுகூட்டி, தாம் எவருடைய மாட்டையோ கழுதையையோ எடுத்ததுண்டா, எவரிடமேனும் இலஞ்சம் பெற்றதுண்டா எனக் கேட்டார் என்றும், இல்லையென மக்கள் சாட்சி பகர்ந்தனர் என்றும் முன்னைய வேதம் கூறுகின்றது. ஜெரூசலத்தின் வடமேற்கே, அவர் அடங்கியிருப்பதாகப் போற்றப்படும் குன்றில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசல் உள்ளது. அரசர்களை நியமித்த அப்பெரியார், பிறர் மாட்டுக்கும் கழுதைக்கும் கணக்குக் காட்டியே விடைபெற்றார்.

நம் அயலவரும் நம்மைக் குறித்து அவ்வாறு சாட்சி பகரும் வாழ்வை, வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.