எண்ணெயும் சோனாரும்: சிறு கேமரா வில்லைகளின் பெயர் வரலாறு

எண்ணெய் என்ற சொல் தொடக்கத்தில் எள்ளின் நெய்யை மட்டுமே குறித்தது. இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்றெல்லாம் தயக்கமின்றி வழங்குகிறோம். பொருளில் எள் நீங்கிவிட்டது, சொல் நிலைத்துவிட்டது. மொழியியல் இதனைப் பொருள் விரிவு என்கிறது. உயர்தரச் சிறு கேமராக்களின் வில்லைப் பெயர்களும் இவ்வழியே வந்தவைதாம். ஆய்வு மாணவர் பலர் ஆவணக் காப்பகத்திற்கும் களப்பணிக்கும் இத்தகைய கேமராக்களையே எடுத்துச் செல்வதால், இவ்வரலாறு நம் பணியையும் தொடுகிறது.

யேனா நகரின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902இல் டெஸ்ஸார் வில்லையை உருவாக்கினார். நான்கு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. வில்லையினுள் இருந்த கண்ணாடித் துண்டுகளும் நான்கே. பெயரே அமைப்பின் விளக்கமாக நின்ற காலம் அது. லுட்விக் பெர்டேலே வடிவமைத்து 1932இல் வெளிவந்த 50 மி.மீ. எஃப்/2 சோனாரில் ஆறு துண்டுகள் மூன்று தொகுதிகளாக ஒட்டப்பட்டிருந்தன. காற்றைத் தொடும் பரப்புகள் குறைவாக இருந்ததால் உட்பிரதிபலிப்பும் குறைந்தது. வில்லைப் பூச்சு இல்லாத அந்நாளில் இது பெரும் பயன் தந்தது.

இப்பெயர்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராக்களை வந்தடைந்தது பின்னர்தான். ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்த ரோலை 35, 1966இல் 40 மி.மீ. டெஸ்ஸாருடன் வந்தது. 1984இல் கான்டாக்ஸ் டி, 1990இல் டி2 ஆகிய இரண்டும் 38 மி.மீ. எஃப்/2.8 சோனாரைத் தாங்கின. ஒரே குவியத் தூரம், முழு அளவுப் படச்சுருள் என்ற எல்லைக்குள் அவை இயங்கின. ஆதலின் வில்லை தரும் பிம்பமும் படச்சுருளில் பதியும் பிம்பமும் ஒன்றாகவே இருந்தன.

சோனி 2012இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100இன் வில்லைக்கு வேரியோ-சோனார் என்று பெயர். பெர்டேலேயின் மூன்று தொகுதி அமைப்பு இதில் இல்லை. இது குவியத் தூரம் மாறும் வேறொரு வில்லை. அதன் உணரி 13.2 × 8.8 மி.மீ. அளவினது; 36 × 24 மி.மீ. படச்சுருள் சட்டகத்தின் பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

வில்லை வளையத்தில் பொறித்த எண்களையும் கவனமாக வாசிக்க வேண்டும். ஆர்எக்ஸ்100இன் எஃப்/1.8 என்ற துளை, 28 மி.மீ.க்கு நிகரான அகல்கோணத்தில் மட்டுமே கிடைக்கும். 100 மி.மீ.க்கு நீட்டினால் அது எஃப்/4.9 ஆகிவிடும், உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறையும். மாலை நேர அறையில் அகல்கோணத்தில் நொடியில் 60இல் ஒரு பங்கு போதுமென்றால், நீட்டியபின் 8இல் ஒரு பங்கு வேண்டும். பேசிக்கொண்டிருப்பவரின் முகம் அவ்வேகத்தில் கலங்கிப் பதியும். 2014இல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் அதே அளவு உணரியுடன் 100 மி.மீ.யிலும் எஃப்/2.8 தருகிறது, அந்நீளத்தில் ஆர்எக்ஸ்100ஐவிட மூன்று மடங்கு ஒளி. அதே ஆண்டில் வந்த ஆர்எக்ஸ்100 III, எஃப்/2.8ஐக் காப்பதற்காக 70 மி.மீ.யுடன் நின்றுவிட்டது. ரிக்கோ 2013இல் ஜிஆர் கேமராவில் பெரிய உணரியைப் பொருத்தி, உருப்பெருக்கும் வசதியை முற்றிலும் கைவிட்டது. மூன்றும் மூன்று வகைச் சமரசங்கள்.

இவை யாவற்றினும் ஆழமான மாற்றம் ஒன்றுண்டு. இன்றைய சிறு வில்லைகள் பல, அகல்கோணத்தில் நேர்கோட்டைப் பீப்பாயின் விளிம்புபோல் வளைக்கின்றன. அவ்வளைவைக் கேமராவின் மென்பொருள் நிமிர்த்திவிடுகிறது. பானசோனிக்கின் 2008ஆம் ஆண்டு எல்எக்ஸ்3இலேயே இம்முறை இருந்தது. இதனை ஏமாற்று எனல் தகாது. திரிபைக் கண்ணாடியால் திருத்தும் கட்டாயம் நீங்கியதாலேயே வில்லை இத்துணைச் சிறிதாயிற்று. ஆயினும் வளைந்த ஓரத்தை நிமிர்த்தும்போது மூலைகள் இழுத்து நீட்டப்படுகின்றன. நுண்விவரம் அங்கே மெலிகிறது.

பயணப் படத்தில் இது பொருட்டன்று. பழைய பதிவேட்டின் ஓரக்குறிப்பையோ கல்வெட்டின் கடைசி எழுத்தையோ படமெடுப்பவருக்கு, மூலையில்தான் சான்று இருக்கிறது. புள்ளி உண்டா இல்லையா என்ற ஐயம் ஒரு சொல்லின் வாசிப்பையே மாற்றக்கூடும். ஆகவே ஆவணத்தை அகல்கோணத்தில் நெருங்கி எடுக்காமல், சற்றுப் பின்வாங்கி 50 மி.மீ. அளவில் எடுப்பது நன்று. பக்கத்தைச் சுற்றி வெற்றிடம் விட்டால், எழுத்துகள் மூலையைத் தவிர்க்கும். எஃப்/4 அளவுத் துளை பெரும்பாலும் போதுமானது. இச்சிறு உணரியில் எஃப்/8க்கு மேல் துளையைச் சுருக்கினால் ஒளிச்சிதறலால் கூர்மை குன்றும். சிறு உணரியின் குறையே இங்கு நன்மையும் ஆகிறது: குவிய ஆழம் மிகுதியாதலால், சற்றே வளைந்த தாளும் முழுதும் தெளிவாக விழும்.

கேமரா வாங்க எண்ணும் மாணவ நண்பர்கள், சைஸ், லைக்கா முதலிய பெயர்களைக் கண்டதும் முடிவெடுக்க வேண்டா. நீங்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் குவியத் தூரத்தில் துளை எவ்வளவு, மூலை எப்படி என்பதை நூலகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் பாருங்கள். ஒரு சொல்லின் இன்றைய பொருளை அதன் வேரிலன்றி வழக்கிலேயே தேடுகிறோம். வில்லைக்கும் அதுவே நெறி.