வயலின் மேற்பலகை: செதுக்கலும் கனம் குறைத்தலும்

வயலின், செல்லோ, ஆர்ச்டாப் கிதார், சிலவகை மாண்டலின் ஆகியவற்றின் மேற்பலகை தட்டையானதல்ல. கெட்டியான மரத்துண்டிலிருந்து நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த குவிவாகச் செதுக்கி எடுக்கப்படுவது. வெளிப்புறக் குவிவு முடிந்ததும் பலகையைக் கவிழ்த்து உட்புறத்தைக் குடைவார்கள். பிறகு இடத்துக்கு இடம் அதன் கனத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை பார்த்துத் திருத்துவார்கள். கருவி செய்வோர் இன்றுவரை ஒத்துப்போகாத கட்டம் இந்தத் திருத்தல்தான். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு அடுத்த பட்டறையில் செல்லாது.

மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரமே. பதினாறாம் நூற்றாண்டில் அந்திரேயா அமாத்தி தொடங்கி ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி குடும்பங்கள்வரை வயலின் செய்த இத்தாலியின் கிரிமோனா நகருக்கு வடகிழக்கே, ஆல்ப்ஸ் மலையில் ஃபியெம்மே பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பனேவேஜ்ஜோ காட்டின் ஸ்ப்ரூஸுக்கு இன்றும் மவுசு உண்டு. குளிர் மிகுந்த உயரத்தில் மரம் மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக விழுகின்றன. 2018 அக்டோபரில் வீசிய வாயா புயல் அந்த வட்டாரத்தின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. ஸ்ப்ரூஸின் சிறப்பு அதன் எடைக்கும் விறைப்புக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோதான் எடை. ஆனால் மரத்தின் ரேகைப் போக்கில் அது காட்டும் விறைப்பு, குறுக்கே காட்டுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டுக்காகவே கட்டையை மையத்திலிருந்து வெளிப்புறமாக, ஆரத்தின் போக்கில் பிளந்து, இரண்டு துண்டுகளைப் புத்தகம் விரித்ததுபோல் நடுவில் ஒட்டுகிறார்கள்.

கனத்தில் ஏன் இத்தனை கவனம் என்பதற்கு எளிய கணக்கு போதும். பலகையின் எடை கனத்துக்கு நேர் விகிதத்தில் குறையும். வளைவை எதிர்க்கும் விறைப்போ கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 3 மி.மீ. பலகையை 2.5 மி.மீ. ஆக்கினால் எடையில் ஆறில் ஒரு பங்குதான் போகும், விறைப்பில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் போய்விடும். பலகை லேசானால் தந்தியின் சிறு அசைவுக்கும் இசைந்து அதிரும். அதிகம் மெலிந்தாலோ, தந்திகளைத் தாங்கும் குதிரை வழியாக இறங்கும் ஏழெட்டு கிலோ அழுத்தத்தைத் தாங்காமல் ஆண்டுகள் போகப் போகக் குழிந்துவிடும். ஒலியும் தொடக்கத்தில் தாராளமாகக் கேட்டு, அழுத்தி வாசிக்கும்போது சொத்தென்று உட்கார்ந்துவிடும்.

செய்முறை முரட்டு வேலையில் தொடங்குகிறது. நுனி வளைந்த பெரிய உளியால் வெளிப்புறத்தைச் செதுக்கி, 15 அல்லது 16 மி.மீ. உயரக் குவிவுக்குக் கொண்டுவருகிறார்கள். உளித்தடங்களைக் கட்டைவிரல் அளவேயான பித்தளை இழைப்புளியால் அடக்கி, மெல்லிய எஃகுச் சுரண்டியால் சமப்படுத்துவார்கள். குவிவு கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று ஒரே பக்கத்திலிருந்து விளக்கொளியைச் சாய்வாக வீழ்த்திப் பார்ப்பது வழக்கம். மேடு பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

உட்புறம் குடையும்போது பலருக்குக் கைகொடுப்பது டிரில் மெஷின். அதன் மேடையில் தலை உருண்ட முளை ஒன்றை நிறுத்தி, முளைக்கும் டிரில் முனைக்கும் நடுவே வேண்டிய கனத்தைவிடச் சற்றே கூடுதலாக, 4 மி.மீ. போல, இடைவெளி விட்டு, முனை அதற்குக் கீழே இறங்காதபடி நிறுத்தத்தைப் பூட்டுகிறார்கள். பலகையின் வெளிப்புறத்தை முளைமேல் வைத்து நகர்த்தி நகர்த்தித் துளையிட்டால், உட்புறம் முழுக்க ஒரே மிச்சக் கனம் காட்டும் குழிகள் விழும். குழிகளின் அடி மறையும்வரை உளி ஓட்டினால் முரட்டு வேலை தீர்ந்தது. அடுத்து, நீண்ட கையுள்ள டயல் காலிப்பரால் அங்குலம் அங்குலமாக அளந்து, எண்களைப் பென்சிலால் பலகையிலேயே எழுதுகிறார்கள். கனம் மிகுந்த இடங்களைத் தீட்டி நிழலாக்கி, அந்தப் பென்சில் கறை போகும்வரை மட்டும் சுரண்டி, மறுபடி அளக்கிறார்கள். இன்றைய வயலின்களில் மேற்பலகை பெரும்பாலும் 2.4 முதல் 3 மி.மீ. வரை நிற்கிறது. மேப்பிள் மரத்தாலான பின்பலகை நடுவில் 4.5 மி.மீ. போல இருந்து ஓரத்தில் 2.5க்கு இறங்கும். முடிந்த மேற்பலகையின் எடை அறுபது, எழுபது கிராம். பலமான விளக்கின் முன் பிடித்தால் ஒளி ஊடுருவி மஞ்சளாகத் தெரியும்.

புகழ்பெற்ற பழைய வயலின்களின் கன வரைபடங்கள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே நகலெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கருவிகள் பலவற்றைப் பிற்காலப் பழுதுபார்ப்போர் திறந்து உள்ளே சுரண்டியிருக்கிறார்கள். இன்று அளந்து கிடைக்கும் எண் முதலில் செய்தவர் விட்ட எண்தானா என்பது கருவிக்குக் கருவி மாறும் கேள்வி. வயலின் மேதை பாகனினி வாசித்து, ஜெனோவா நகருக்கே விட்டுச்சென்ற 'இல் கனோனே' (பீரங்கி) என்ற 1743ஆம் ஆண்டுக் குவார்னேரி வயலினின் பலகைகள் வழக்கத்தைவிடத் தடிப்பானவை. பீரங்கி என்று பெயர் பெறுமளவு முழங்குவதற்குத் தடிப்பு தடையாக இருக்கவில்லை. மேலும், ஒரே காட்டின் இரண்டு கட்டைகளே அடர்த்தியிலும் விறைப்பிலும் ஒன்றுபோல் இரா. லேசான, விறைப்பான கட்டைக்குப் பொருந்திய கனம், கனத்த கட்டைக்குப் பொருந்தாது. எனவே வரைபடத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். முடிவு கையிலுள்ள கட்டையைப் பொறுத்தது.

அந்தக் கட்டை என்ன சொல்கிறது என்று அறியத் தட்டிப் பார்ப்பது பழைய வழி. பலகையைக் குறிப்பிட்ட இடத்தில் இரு விரலால் தொங்கப் பிடித்து, முட்டியால் தட்டி எழும் சுரத்தைக் கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெலிக்ஸ் சவார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர், வயலின் தயாரிப்பாளர் வியோம் தந்த ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி பலகைகளை இப்படி ஆராய்ந்தார். பின்பலகையின் சுரம் மேற்பலகையினதைவிட அரைச் சுரம் முதல் ஒரு சுரம்வரை உயர்ந்திருப்பதாகக் கண்டார். அடுத்த நூற்றாண்டில் இதை எண்களுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த கார்லீன் ஹட்சின்ஸ். பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், 1963இல் தோன்றிய கேட்கட் ஒலியியல் கழகத்தின் நிறுவனர்களில் ஒருவர். பலகையை ஒலிபெருக்கிக்கு மேலே பஞ்சுத் துண்டுகளில் கிடத்தி, மினுக்குத் தூளைத் தூவி அதிரவிட்டால், அதிராத கோடுகளில் தூள் வந்து ஒதுங்கும். மோதிரம் போன்ற வடிவம் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணிலும், பெருக்கல் குறி போன்ற வடிவம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும் விழும்வரை மரத்தை எடுப்பது அவர் பரிந்துரைத்த முறை. மோதிர வடிவம் ஒழுங்காக மூடாத பக்கத்தில் கனம் சரியில்லை என்று பொருள். இந்த எண்களை எட்டினால் நல்ல வயலின் உறுதி என்று நம்பியவர்கள் ஏமாந்தும் போனார்கள். பலகையில் எஃப் எழுத்து வடிவத் துளைகளை வெட்டியதும் சுரம் இறங்குகிறது, உள்ளே தாங்கலாக வரும் பாஸ் கட்டையை ஒட்டியதும் ஏறுகிறது. பெட்டியின் பக்கச் சுவரான விலாப்பலகையோடு ஒட்டிவிட்டால் பலகையின் நடத்தையே வேறு. ஆனால் இரண்டு கட்டைகளை ஒப்பிடவும், அளவுக்கு மீறிச் சுரண்டாமல் நிறுத்தவும் இது உதவத்தான் செய்கிறது.

உப்புத்தாள் இந்த வேலையில் கடைசியாக வரவேண்டிய விருந்தாளி. ஸ்ப்ரூஸில் இளவேனிலில் வளர்ந்த பகுதி மெத்தென்றும், கோடைக் கடைசியில் வளர்ந்த கோடுகள் கெட்டியாகவும் இருக்கும். வெறும் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் மெத்தென்ற பகுதி மட்டும் தேய்ந்து, கெட்டிக் கோடுகள் வரப்புபோல் எழுந்து நிற்கும். வளைவுக்கேற்ற கட்டையைத் தாளுக்கு அடியில் வைத்து, ரேகையின் போக்கிலேயே தேய்ப்பது இதைக் குறைக்கும். பொதுவாக 120இல் தொடங்கி 220, 320 என்று ஏறுகிறார்கள். நடுவில் ஈரத்துணியால் ஒற்றி உலரவிட்டால், நசுங்கிக் கிடந்த நார்கள் எழும். அவற்றை மென்தாளால் நீக்கிவிட்டால் வார்னிஷ் போடும்போது திடீரென்று சொரசொரப்பு வராது. உப்புத்தாள் இல்லாத காலத்தில் சுறாமீன் தோலும், சிலிக்கா நிறைந்த குதிரைவால் செடியும் இந்த வேலையைச் செய்தன. உட்புறத்தை மெருகேற்றுவது பார்வைக்கு மட்டுமே. கிரிமோனாவின் பழைய கருவிகள் பலவற்றின் உள்ளே சுரண்டித் தடங்கள் அப்படியே இருக்கின்றன. தூசி விஷயத்தில் மட்டும் அலட்சியம் ஆகாது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் தேய்க்கக் கூடாது.

வயலினின் இந்த உத்தி மாண்டலினுக்கும் கிதாருக்கும் தாவியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். கலமஸூ நகரின் ஆர்வில் கிப்சன், செதுக்கிய பலகை கொண்ட மாண்டலினுக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலான நிறுவனம் 1902இல் உருவானது. அங்கே லாய்டு லோர் மேற்பார்வையில் 1922இல் வெளிவந்த எஃப்-5 மாண்டலினும் எல்-5 கிதாரும் எஃப் துளைகளைத் தாங்கி வந்தன. எஃகுத் தந்திகளின் இழுவையைத் தாங்க வேண்டியிருப்பதால் ஆர்ச்டாப் கிதாரின் மேற்பலகை நடுவில் 6 மி.மீ. அளவுக்குத் தடித்திருக்கும். ஓரத்தை ஒட்டிச் சுற்றிவரும் பள்ளத்தில் மட்டும் அதில் பாதிக்கு மெலியும். பலகை கதவின் கீல்போல் அங்கேதான் வளைந்து கொடுக்கிறது. தொழிற்சாலைகளில் முரட்டுச் செதுக்கலை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. கடைசி மில்லிமீட்டர் பெரும்பாலும் மனிதக் கைக்கே விடப்படுகிறது.

சில கைவினைஞர்கள் பெட்டியை ஒட்டி மூடி, வார்னிஷ் பூசும் முன்பே தந்தி கட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளத்தை வெளியிலிருந்து உப்புத்தாளால் மேலும் மெலிதாக்குகிறார்கள். மூடிய பெட்டியில் கனத்தை அளக்க ஹாக்லிங்கர் அளவி இருக்கிறது: உள்ளே ஒரு சிறு காந்தம், வெளியே சுருள்வில்லோடு கூடிய குழாய், மரத்தைத் தாண்டிக் காந்தத்தைப் பிரிக்கத் தேவைப்படும் இழுவையே கனத்தை மில்லிமீட்டரில் காட்டிவிடும். பலகை அளவுக்கு மீறி மெலிந்துவிட்டதாக அளவி காட்டிய பிறகு செய்யக்கூடியது ஒன்றே. பெட்டியைத் திறந்து, மெலிந்துபோன இடத்தின் உட்புறத்துக்குச் சரியாகப் படியும்படி ஸ்ப்ரூஸ் ஒட்டு ஒன்றை இழைத்து, வச்சிரப் பசையால் ஒட்டி, பசை காய்ந்ததும் அந்த ஒட்டையும் காலிப்பர் வைத்துச் சுரண்டத் தொடங்க வேண்டும்.