நேற்று வந்த ஸ்டேஷன் இன்று ஏன் வரவில்லை?

இணைய வானொலிப் பெட்டி வைத்திருக்கும் வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. போபாலில் எங்கள் குடியிருப்பில் மட்டும் மூன்று வீடுகளில் அந்தப் பெட்டி இருக்கிறது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறார்கள் :-). பதில் தேடிக் கொஞ்சம் பழைய கதைகளைப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. ரேடியோவின் கோளாறுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் அது வீட்டைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது.

முதலில் அது மொட்டைமாடியில் இருந்தது. சென்னை வானொலி நிலையம் தொடங்கிய 1938-ஐ ஒட்டிய காலத்து வால்வு ரேடியோக்களுக்கு ஏரியல்தான் உயிர். மாடியில் இரண்டு கழிகளுக்கு நடுவே கம்பியோ கம்பிவலையோ கட்ட வேண்டும். எர்த் கம்பியை ஈர மண்ணில் புதைத்து, கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஸ்டேஷன் இரைந்தால் பையனை மாடிக்கு விரட்டுவார்கள். அவன் கம்பியை அசைப்பான், கீழேயிருந்து "இப்ப சரி, அப்படியே விட்டுடு" என்று குரல் வரும்.

அடுத்து அது வானத்துக்குப் போனது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு ஆகாது. ஆகாசவாணியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய காணாமல் போயின. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக எழுந்த நிலையத்தின் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி கொழும்பின் கையில் இருந்தது. டெல்லிக்காரர்கள் அதில்தான் பினாகா கீத்மாலா கேட்டார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்ததற்கு இந்தப் போட்டி முக்கியமான காரணம். தடை போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும், அமைச்சகத்துக்குப் புரிய ஐந்து வருடம் ஆனது.

சிற்றலை தரையோடு வருவதல்ல. மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழும். பகலில் 25, 31 மீட்டர் நன்றாக எடுக்கும், இருட்டினால் 41, 49 மீட்டருக்கு இறங்க வேண்டும். இதை யாரும் பாடமாகப் படிக்கவில்லை, ஆனால் ரேடியோ கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மத்திய அலைக்கும் இரவில் ஒரு சலுகை உண்டு. பகலில் சூரிய ஒளியால் உறிஞ்சப்படும் வான் அலை, பொழுது சாய்ந்ததும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் வந்து விழும். வடக்கே வேலைக்கு வந்த நம்மவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 720 கிலோஹெர்ட்ஸில் சென்னையைத் தேடியதற்கு அதுதான் காரணம். டிரான்சிஸ்டரைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி வைப்பார்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு, அதனால் அது மூடநம்பிக்கை அல்ல.

பிறகு வந்தது வேர்ல்ட்ஸ்பேஸ். என்னைக் கேட்டால் வெளியூர்த் தமிழர்களுக்கு வாய்த்த ஒரு பொற்காலம் அது, ஒரு எச்சரிக்கையும்கூட. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் ஆரம்பித்த நிறுவனம். 2000-இல் ஏஷியாஸ்டார் செயற்கைக்கோளை ஏவினார்கள். கர்நாடக இசைக்கென்றே 'ஷ்ருதி' என்று ஓர் அலைவரிசை, தமிழ்ப் பாட்டுக்கு இன்னொன்று. இரைச்சல் இல்லை, இரவு பகல் வித்தியாசம் இல்லை. மார்கழிக்குச் சென்னை போக லீவு கிடைக்காதவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதிலும் ரிசப்ஷன் பிரச்சினை உண்டு, ஆனால் ஒரே ஒரு பிரச்சினை. செயற்கைக்கோள் கிழக்கு தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. வட இந்தியாவிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய தென்கிழக்கு. கையகலத் தட்டை ஆன்டெனாவுக்கு அந்தத் திசையில் திறந்த வானம் வேண்டும். அடுக்குமாடியில் உங்கள் ஜன்னல் மேற்கே பார்த்திருந்தால் ஷ்ருதி கிடையாது. வீடு பார்க்கும்போது வாஸ்துவோடு இதையும் பார்க்க வேண்டியிருந்தது!

2008 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. மார்கழி நடுவில்! ஆன்டெனா சரி, பெட்டி சரி, செயற்கைக்கோளும் மேலேயே இருந்தது. கோளாறு ஐந்தொகையில் இருந்தது, பையனை எந்த மாடிக்கு அனுப்புவது? வங்கிக்காரன் கண்ணால் பார்த்தால், ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டிக் கட்டுவது அந்தக் கம்பெனிக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன் மாதிரி. கடன் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இப்போது இணையப் பெட்டிக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல அதற்குள் எல்லா ஸ்டேஷன்களின் முகவரியும் இருப்பதில்லை. சுவிட்சைப் போட்டதும் அது எங்கோ இருக்கும் ஒரு பட்டியல் நிறுவனத்தின் சர்வரிடம் போய் "தமிழில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்கும். செக் கிளியரிங் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளை திறந்திருக்கிறது, எதிர்க் கிளையும் திறந்திருக்கிறது, நடுவில் கிளியரிங் ஹவுஸை மூடிவிட்டால்? ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021-இல் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த பல பிராண்டு பெட்டிகள் ஒரே நாளில் ஊமையாயின. 2019-இல் ஃப்ரான்டியர் சிலிக்கான் தன் பட்டியலை விட்யூனரிலிருந்து ஏரபிளுக்கு மாற்றியபோது, சேமித்து வைத்த ஸ்டேஷன்களை ஜனங்கள் மறுபடி தேடிப் பதிய வேண்டியிருந்தது.

ஆகவே யாராவது கேட்டால் நான் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி: ஒரு ஸ்டேஷன் மட்டும் வரவில்லையா, எல்லாமே வரவில்லையா? எல்லாமே என்றால், அதே வைஃபையில் கைபேசி ரேடியோ பாடுகிறதா பாருங்கள். கைபேசியும் பாடாவிட்டால் ரூட்டர். கைபேசி பாடி, பெட்டி வைஃபையிலேயே ஒட்டவில்லை என்றால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள், பழைய பெட்டிகளில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஒட்டிக்கொண்டு பட்டியல் மட்டும் காலியாக வந்தால் பட்டியல் நிறுவனத்தின் பெயரைக் கண்டுபிடித்து அது உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள். விட்யூனரை நம்பிய பெட்டிகளுக்கு ஒய்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியைப் பட்டியல் சர்வராக்கிவிடலாம், காலேஜ் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால்.

ஒரு ஸ்டேஷன் மட்டும் என்றால் அதன் முகவரியோ ஒலிவடிவமோ மாறியிருக்கும். 2023-இல் பிபிசி பழைய ஷவுட்காஸ்ட் ஓடைகளை நிறுத்திவிட்டு எச்.எல்.எஸ்., டாஷ் முறைகளுக்குப் போனது, அவை புரியாத பெட்டிகள் பிபிசியை இழந்தன. ஸ்டேஷனே இல்லாமலும் போயிருக்கலாம். பிபிசி தமிழோசையைத் தேடி ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். 1941-இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 அன்று நின்றுவிட்டதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியை மறுபடி உறையில் போட்டுக்கொண்டு, "அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

லண்டன் உறவினர் கொண்டுவந்து தரும் டிஏபி பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் டிஏபி ஒலிபரப்பு கிடையாது. ஆகாசவாணி எடுத்துக்கொண்ட டிஜிட்டல் முறை டி.ஆர்.எம்., 2010-களில் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை அதற்கு நிறுவினார்கள். இரண்டும் வேறு வேறு பாஷை. லண்டன் பெட்டியில் எஃப்.எம். கேட்கலாம், வைஃபை இருந்தால் இணைய வானொலி கேட்கலாம், அவ்வளவுதான்.

புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் வாட்ஸ் எவ்வளவு என்று கேட்பதைவிட, ஓடை முகவரியை நாமே தட்டச்சு செய்து சேர்க்க முடியுமா, ப்ளூடூத் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியல் நிறுவனம் கண்ணை மூடினாலும் கைபேசியிலிருந்து பாட வைக்கலாம். இன்னொன்று, செய்திக்கு முன்னால் வரும் அந்தக் 'கீக் கீக்' மணிச் சத்தத்தை இணைய ரேடியோவில் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். அது பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூடத் தாமதமாகத்தான் நம் வீட்டுக்கு வந்து சேருகிறது.