கைமாறிய குறிப்பேடு

மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா வரை 4,265 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் நடைபாதையை 1932-இல் முன்மொழிந்தவர் கிளின்டன் கிளார்க். நடக்க முடியுமா என்று சோதித்தவர்களோ ஒய்.எம்.சி.ஏ. பையன்கள்! 1935 முதல் 1938 வரை 40 குழுக்கள், ஒரு குறிப்பேட்டைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லை சேர்த்தன. வழிநடத்திய வாரன் ராஜர்ஸ் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் கண்டவர். 1968-இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. பாதை முழுமையானது 1993-இல்தான்.

2018 மே மாதம் நம் விடுதி நண்பர்கள் மூவர் அதன் தென்முனையான காம்போவில் தொடங்கினோம். லேக் மொரீனா வரை 20 மைல், முட்புதரும் வெயிலும்தான். நடுவிலிருக்கும் ஹவுசர் ஓடை வறண்டு கிடந்தது. ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர், அதுவே ஆறு கிலோ. மதியம் ஒருவனுக்குத் தலைசுற்றல். "என்னை விட்டுட்டுப் போங்கடா" என்றான். விடுவோமா? அவன் மூட்டையைப் பிரித்து இருவரும் சுமந்தோம். கடைசி ஏற்றத்தில் மூவருக்கும் சேர்த்து மிஞ்சியது அரை லிட்டர்தான். இருட்டியபின் முகாம் குழாயைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. மூன்றாம் நாள் லகூனா மலையில் பைன் நிழல் கிடைத்தது. அங்கேதான் அவன் முதல்முறையாகச் சிரித்தான்.