லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? இந்தக் கேள்விகளையும் எடுத்துட்டுப் போங்க

சேலம், நாமக்கல் பக்கம் எகனாமிக்ஸ் படிச்சவங்ககிட்ட ஒரு கேள்வி. டிமாண்ட், சப்ளைக்கு உங்க புக்ல என்ன உதாரணம் இருந்தது? ஆப்பிள்? ரொட்டி? சேலத்து ஜவ்வரிசி எங்கேயாவது வந்துச்சா? லாரி பாடி கட்டுற பட்டறை?

புத்தகத்துக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற இந்தத் தூரம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வாத்தியாரை யோசிக்க வெச்சிருக்கு. அவர் பேர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரா வந்தவர். அதுக்கு முன்னாடி, தொழிலாளர்களுக்காக ஆக்ஸ்ஃபோர்டுல நடந்த ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வர். இங்கிலாந்துல பொது நிலங்களுக்கு வேலி போட்டப்ப குடியானவங்களுக்கு என்ன ஆச்சுன்னு 1907லயே புத்தகம் எழுதியிருந்தார். நவீன இங்கிலாந்து வரலாறு பத்தியும் ஒண்ணு.

ஆனா இங்க அவர் முன்னாடி உட்கார்ந்திருந்த பசங்க ஏரிப் பாசனமும் கிணத்துப் பாசனமும் பார்த்து வளர்ந்தவங்க. அவர் என்ன பண்ணார்னா, ஒரு கேள்விப் பட்டியல் தயார் பண்ணி, லீவுல சொந்த ஊரைப் போய் ஆராய்ஞ்சு எழுதிட்டு வரச் சொன்னார். நிலம் யார்கிட்ட இருக்கு, கூலி எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கடன்? அப்படி வந்த கட்டுரைகளைத் தொகுத்து 1918ல 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்'னு புத்தகமா வெளியிட்டாங்க. திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு எல்லாம் அதுல இருக்கு.

இருவேல்பட்டுப் பகுதியில படியாட்கள் வர்றாங்க. கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்காக ஒரு பண்ணையோடயே கட்டுண்டு கிடந்தவங்க. இங்க ஒரு விஷயத்தை விட்டுடக் கூடாது. அன்னைக்குக் காலேஜ் வரைக்கும் வந்த பசங்க பெரும்பாலும் மேல்சாதி, நிலமுள்ள வீட்டுப் பிள்ளைங்க. புத்தகத்துல படியாளைப் பத்தி இருக்கு, படியாள் எழுதினது எதுவும் இல்ல. அந்தக் குறையோடதான் அதை வாசிக்கணும்.

ஆனாலும் அந்தக் கணக்கு இல்லன்னா, பின்னாடி எது மாறுச்சுன்னு எதை வெச்சுச் சொல்றது? 1930கள்ல பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வு நடத்தி, 1940ல புத்தகம் போட்டாங்க. 1980கள்ல எஸ். குகன், ஜோன் மென்ச்சர் இருவேல்பட்டுக்குப் போனாங்க. 2008ல ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனப்ப படியாள் முறை போயிருந்தது, பெரிய பண்ணையோட பிடி தளர்ந்திருந்தது, ஜனங்க விவசாயத்துக்கு வெளியில நிறைய வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. ஒரே ஊரைத் தொண்ணூறு வருஷம் இப்படித் திரும்பத் திரும்பப் பார்த்தது அபூர்வம்.

ஸ்லேட்டர் பேரைச் சொன்னா, திராவிடப் பண்பாடு பத்தி அவர் 1924ல எழுதின புத்தகத்தைத்தான் பலரும் சொல்வாங்க. எனக்கு அந்தக் கேள்விப் பட்டியல்தான் பெருசாத் தெரியுது. நாமக்கல்லுக்குன்னா அதுல இன்னும் கொஞ்சம் சேர்க்கணும்: பண்ணையில கோழி யாரோடது, தீவனம் யாரோடது? முட்டை விலையை யார் நிர்ணயிக்கிறாங்க? போர்வெல் எத்தனை அடி, அந்தக் கடன் யார் பேர்ல இருக்கு?