யூத சமயச் சட்டமும் திருநரும்

ஹலாக்கா எனப்படும் யூத சமயச் சட்டத்தில் ஒருவரின் கடமைகள் பலவும் அவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தே அமைகின்றன. மரபுவழிக் கூட்டுத் தொழுகைக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். ஜெபாலயத்தில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு, நடுவே தடுப்பு உண்டு. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். மணமுறிவின்போது விலக்குச் சீட்டைக் கொடுப்பவன் கணவன், பெறுபவள் மனைவி. தன்னைப் பெண்ணாகப் படைக்காததற்காக ஆண் தினமும் காலையில் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். இறந்த பின் ஆணின் உடலை ஆண்களும் பெண்ணின் உடலைப் பெண்களும் நீராட்டுவதே வழக்கம். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலை விட்டு வேறு பாலில் வாழும் யூதருக்கு இவை ஒவ்வொன்றும் அன்றாடக் கேள்வி.

வேத நூலில் மூன்று இடங்கள் இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. உபாகமம் 22:5 ஆணின் உடைமைகளைப் பெண்ணும் பெண்ணின் ஆடையை ஆணும் அணியக் கூடாது என்கிறது. லேவியராகமம் 22:24 விதை நசுக்கப்பட்ட விலங்கைப் பலியிடத் தடை விதிக்கிறது. ஆண்மை நீக்கம் கூடாது என்ற பொதுவிதியை யூதச் சட்ட அறிஞர்களான ரபிகள் இதிலிருந்துதான் வகுத்தார்கள். விதை நசுங்கியவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23-ஆம் அதிகாரம். இவற்றுக்கு நேர் எதிராக ஏசாயா 56-ஆம் அதிகாரம் நிற்கிறது. ஓய்வுநாளைக் காக்கும் அண்ணகர்களுக்குப் பிள்ளைகளைவிட மேலான, அழியாத பெயரை அது வாக்களிக்கிறது.

ஆடைத் தடையை, ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூது அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உடுத்திய துணியில் மட்டும் என்ன அருவருப்பு இருக்க முடியும் என்று கேட்டு, வேடமிட்டு எதிர்பாலர் நடுவே புகுந்து அமர்வதையே அந்த வசனம் தடுக்கிறது என்று அதிலுள்ள ஒரு கருத்து விளக்குகிறது. இந்தச் சிறு திருப்பம் பிற்காலத்தில் பெரிய பயன் தந்தது. பூரிம் பண்டிகையில் ஆண்களும் பெண்களும் உடை மாற்றிக்கொண்டு ஆடுவது குற்றமா என்ற கேள்வி எழுந்தபோது, நோக்கம் மகிழ்ச்சிதான் என்று சொல்லி இத்தாலியின் பாதுவா நகரைச் சேர்ந்த ரபி யூதா மின்ஸ் அதை அனுமதித்தார். அவர் 1508-இல் இறந்தவர். போலந்தின் பெரும் சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ் அந்த வழக்கத்தைத் தம் நூலில் ஏற்றுப் பதிவுசெய்தார். அப்போதும் எதிர்த்தவர்கள் உண்டு.

தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அது கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத உடல்கள் மிஷ்னாவுக்குப் புதியவை அல்ல. இருபால் உறுப்பும் உள்ளவரை ஆண்ட்ரோகினோஸ் என்றும், உறுப்பு தோலால் மூடிப் பால் தெரியாதவரைத் தும்தும் என்றும் அது அழைக்கிறது. பிக்கூரிம் என்ற பகுதியோடு சேர்த்து அச்சிடப்படும் அத்தியாயம் ஒன்று, ஆண்ட்ரோகினோஸ் எவற்றில் ஆணைப் போன்றவர், எவற்றில் பெண்ணைப் போன்றவர், எவற்றில் இருவரையும் போன்றவர், எவற்றில் யாரையும் போலல்லாதவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறது. அதில் ரபி யோசேயின் கருத்து தனித்து ஒலிக்கிறது: அவர் தனக்கென ஒரு படைப்பு, ஆண் என்றோ பெண் என்றோ அறிஞர்களால் தீர்மானிக்க முடியவில்லை. அவரைக் கொல்பவனுக்கும் காயப்படுத்துபவனுக்கும் மற்ற மனிதருக்குத் தீங்கு செய்தவனுக்கு உரிய தண்டனையே என்பதும் அங்கேதான் இருக்கிறது. வகைப்படுத்த இயலாதவரும் முழு மனிதரே என்பதை இவ்வளவு பழைய சட்ட நூலொன்று தயக்கமின்றிச் சொல்வது சாதாரணமானதல்ல.

ஐயத்தை வைத்துக்கொண்டே சட்டம் நடத்தும் வித்தையை ரபிகள் நன்கு அறிந்திருந்தார்கள். யூதப் புத்தாண்டில் கொம்பொலி கேட்பது ஆணின் கடமை. பெண்ணுக்கு விலக்கு உண்டு. ஆண்ட்ரோகினோஸ் தம்மைப் போன்ற இன்னொருவருக்காக ஊதலாம். தும்துமோ மற்றொரு தும்துமுக்காகக்கூட ஊத முடியாது. ஊதுபவர் பெண்ணாகவும் கேட்பவர் ஆணாகவும் இருந்துவிட்டால் கடமை நிறைவேறாது. பீரி என்ற ஊரில் ஒரு தும்துமின் மூடிய தோலைக் கிழித்தபோது ஆண் என்று தெரியவந்து, அவர் ஏழு பிள்ளைகளுக்குத் தந்தையானார் என்றும் தல்மூது சொல்கிறது. ஆபிரகாமும் சாராளும் தும்தும்களாகவே இருந்தார்கள் என்றார் ரபி அம்மி. ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய விளக்க நூலில், முதல் மனிதனே இருபாலாகப் படைக்கப்பட்டான் என்ற கருத்தும் வருகிறது.

இந்தப் பகுதிகளைக் காட்டி, பண்டைய ரபிகள் திருநரை ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்று இன்று சிலர் சொல்வது மிகை. தும்தும், ஆண்ட்ரோகினோஸ் ஆகிய இரண்டும் உடற்கூற்றைக் குறிப்பவை. இன்று இடைப்பாலினர் என்று நாம் அழைப்பவர்களுக்கே அவை நெருக்கமானவை. தன் பால் எது என்று ஒருவர் உள்ளூர உணர்வதை மிஷ்னா விசாரிக்கவே இல்லை.

அந்த உணர்வு நமக்குக் கேட்பது ஒரு கவிஞரிடம். 1286-இல் தென் பிரான்சின் ஆர்ல் நகரில் பிறந்த கலோனிமோஸ் பென் கலோனிமோஸ், 1320-களில் எழுதிய ஏவென் போஹான் என்ற எபிரேய நூலில், ஆணாகப் பிறந்ததை நொந்து, பெண்ணாக மாற்றும்படி இறைவனை வேண்டுகிறார். அது நையாண்டியா, உண்மையான ஏக்கமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எழுதியவர் மனம் எதுவானாலும், அதில் தம்மைக் கண்டுகொள்ளும் திருநர் யூதர்கள் இன்று பலர்.

பால் மாறினால் திருமணம் என்னவாகும் என்ற கேள்வியை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்மீர் நகரின் ரபி யோசேப் பலாஜி எடுத்தார். மணமாகிச் சில ஆண்டுகளில் மனைவி ஆணாக மாறிவிட்டால் விலக்குச் சீட்டு தேவையில்லை என்பது அவர் முடிவு. பிற்காலத்தில் எருசலேமின் ரபி எலியேசர் வால்டன்பர்க் இதை மேற்கோளாகக் கொண்டார். மருத்துவச் சட்டக் கேள்விகளில் பெரும் மதிப்புப் பெற்றிருந்தவர் அவர். உள்ளே மரபணு ஆணுடையதாகவும் வெளித்தோற்றம் பெண்ணுடையதாகவும் இருந்த ஒரு குழந்தையைப் பற்றி, கண்ணுக்குத் தெரியும் வெளியுறுப்பே பாலைத் தீர்மானிக்கும் என்றார். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவரின் சட்ட நிலை மாறும் என்பதற்கு இதைச் சிலர் ஆதாரமாக்குகிறார்கள். மரபுவழி ரபிகளில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. அவர்கள் பார்வையில் அந்த அறுவை சிகிச்சை தடைசெய்யப்பட்டது. செய்துகொண்டாலும் பிறந்த பால் மாறாது.

அமெரிக்காவில் பாதை வேறு. யூத சமயப் பிரிவுகளில் ஒன்றான சீர்திருத்த இயக்கம் 1970-களிலேயே பால் மாறியவர்களின் திருமணம் பற்றித் தீர்ப்புரை எழுதியது. 2006-இல் எலியட் குக்லா அந்த இயக்கத்தின் ரபியாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வெளிப்படையாகத் திருநராக அந்த இயக்கத்தில் ரபியானவர்களில் அவரே முதல்வர். மற்றொரு பிரிவான கன்சர்வேட்டிவ் இயக்கத்தின் சட்டக் குழு 2003-இல், மாற்று அறுவை சிகிச்சையை முழுமையாகச் செய்துகொண்டவரின் புதிய பாலை ஏற்றது. பணமோ உடல்நிலையோ இடம்தராதவர்களையும், அறுவையே வேண்டாம் என்றிருப்பவர்களையும் அந்தத் தீர்ப்பு வெளியே நிறுத்திவிட்டது. 2017-இல் ரபி லெனர்ட் ஷார்சர் எழுதிய தீர்ப்புரை அந்தக் குறையைச் சரிசெய்தது: ஒருவர் தம்மை யாரென்று அறிவிக்கிறாரோ அதுவே அவர் பால், கத்தி தேவையில்லை. ஷார்சர் ரபியாகும் முன் பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்தவர் என்பது இந்தத் தீர்ப்புக்குத் தனிக் கனம் தருகிறது.

மரபுவழிச் சமூகத்துக்குள்ளும் மனிதர்கள் காத்திருக்கவில்லை. நியூயார்க்கில் மரபுவழி நிறுவனமான யெஷிவா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியில் இலக்கியப் பேராசிரியராக இருந்த ஜாய் லாடின், 2008-இல் பெண்ணாக வகுப்புக்குத் திரும்பினார். புரூக்ளினில் கடும் மரபுவழிப் பிரிவான ஹசிதியக் குடும்பத்தில் வளர்ந்து ரபிப் பட்டமும் பெற்ற ஆபி ஸ்டைன், 2015-இல் தாம் திருநங்கை என்று அறிவித்தார். லாடினால் தம் பணியில் தொடர முடிந்தது. ஸ்டைன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தம் சமூகத்தை விட்டு வெளியேறியிருந்தார்.

சிகாகோவில் தொடங்கிய ஸ்வாரா என்ற தல்மூதுக் கல்விக்கூடம் 2021-இல் திருநர் ஹலாக்காத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. இங்கே கேள்வி கேட்பவர்களும் தீர்ப்புரை எழுதுபவர்களும் திருநர் யூதர்களே. இத்தனை நூற்றாண்டுகளாகத் தங்களைப் பற்றிப் பிறர் பேசிய அதே நூல்களைத் திறந்து, சடங்கு நீராடல் முதலான கேள்விகளுக்குத் தங்கள் அனுபவத்தையும் ஆதாரமாக வைத்து விடை எழுதுகிறார்கள். மரபுவழி ரபிமன்றங்களை இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு திருநம்பி ஒரு தெருவின் ஜெபாலயத்தில் பத்தாவது ஆளாக எண்ணப்பட்டு, அடுத்த தெருவின் ஜெபாலயத்தில் பெண்கள் பகுதிக்குப் போகச் சொல்லப்படுவது இன்றும் நடக்கக்கூடியதே.