மாத்தளைக்குத் திரை வந்த ஆண்டு

இலங்கைத் தொலைக்காட்சியின் வரலாற்றைக் கொழும்பிலிருந்து எழுதுவதே நம்மவர் வழக்கம். எந்தக் கட்டடம், எந்த அமைச்சர், எந்த நாட்டின் உதவி என்பதோடு அந்த வரலாறு முடிந்துவிடும். ஒளியலைகள் மலைகளைத் தாண்டி எங்கே போய்ச் சேர்ந்தன, எந்த வாசலில் நின்றுவிட்டன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே 1982ஆம் ஆண்டை, ரூபவாஹினி பிறந்த அந்த ஆண்டை, இம்முறை மாத்தளையில் நின்று பார்க்கலாம் என்று நினைக்கின்றேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல்நாள், சான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்த்தனவும் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சி பன்னிப்பிட்டியிலிருந்து ஒளிபரப்பானது. நாட்டின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் அதுதான். தனியார் கையில் அது இரண்டு மாதங்கள்கூட இருக்கவில்லை. ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. அன்றைய ஒளிபரப்பு கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. மாத்தளை மக்களுக்குத் தொலைக்காட்சி என்பது கொழும்புக்குப் போய் வந்தவர் சொல்லும் கதையாகவே இருந்தது.

ஜப்பானிய அரசாங்கத்தின் உதவியுடன் உருவான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கெனவே அவ்வாண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது அவ்வாண்டு ஓகஸ்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறு தீவு அன்று அடைந்த பெருமிதம் விளங்கும். நாட்டின் மிக உயரமான சிகரமான பிதுருதலாகலையில், 2,524 மீற்றர் உயரத்தில், ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. மலையுச்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. தொலைக்காட்சி அலைகள் பார்வைக்கோட்டில் செல்பவை. நடுவே ஒரு மலை நின்றால் அதன் பின்புறத்தில் நிழல் விழுவதுபோல அலைகளும் மறைக்கப்பட்டுவிடும். மாத்தளையின் கிழக்கே நக்கிள்ஸ் தொடர். ஏனைய பக்கங்களிலும் குன்றுகளுக்குக் குறைவில்லை. எனவே மேட்டில் இருந்த வீட்டுக்குப் படம் தெளிவாக விழ, பள்ளத்தில் இருந்த வீட்டுக்கு வெறும் பனிப்பொழிவு மட்டுமே தெரிந்தது. நீண்ட மூங்கிலில் அன்ரனாவைக் கட்டி, ஒருவர் கூரையிலிருந்து திருப்ப, மற்றவர் வீட்டுக்குள்ளிருந்து "போதும், போதும்" என்று கத்தும் காட்சி மலைநாடு முழுவதும் பொதுவானது.

அந்த நாட்களில் நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். ஒரு வேலையாக மாத்தளைக்குச் சென்றிருந்தபோது, பிரதான வீதியில் ஒரு வானொலிக் கடையின் முன்னால் கூட்டம் நிற்பதைக் கண்டேன். கடைக்காரர் பெட்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அரச உத்தியோகத்தரும் பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தொழிலாளரும் தோளோடு தோள் உரச நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், இதிலே தமிழ் எப்போது வரும் என்று கேட்டார். செய்தி வரும் நேரத்தைச் சொன்னேன். அதற்குள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுமே என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

ரூபவாஹினி மும்மொழி நிறுவனம். தமிழிலும் செய்தி வந்தது. வானொலியில் பெயர்பெற்றிருந்த பி. விக்னேஸ்வரன் போன்றோர் அங்கே தமிழ் நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். அவர்களது உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் சிங்களத்துக்குக் கிடைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் தமிழுக்குக் கிடைத்தது மிகச் சிறியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சிங்களம் அரசகரும மொழியாகவும் தமிழ் தேசிய மொழியாகவும் இருந்த காலம் அது. அந்த ஏற்றத்தாழ்வையே திரையும் காட்டியது. வடபகுதி மக்களாவது பிற்காலத்தில் அன்ரனாவைக் கடல் பக்கம் திருப்பித் தூரதர்ஷனைப் பார்த்துக்கொண்டார்கள். மலைகளுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

மொழி ஒரு தடை என்றால், மின்சாரம் இன்னொரு தடை. அன்று இலங்கையில் மின்சார விளக்கு எரிந்த வீடுகள் நூற்றுக்கு 15 அளவில்தான். தோட்ட லயன்களின் நிலையோ இன்னும் மோசம். இதிலுள்ள முரணை மாத்தளையில்தான் நன்றாக உணர முடியும். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பி, மலையைக் குடைந்து, உக்குவளைக்குக் கொண்டுவந்து மின்சாரம் எடுத்தார்கள். அதே நீர் சுது கங்கை வழியாகச் சென்று போவதென்னையில் சேர, 1981இல் அங்கும் ஒரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இரண்டும் மாத்தளை மாவட்டத்தில் இருப்பவை. ஒவ்வொன்றும் 40 மெகாவாட் அளவிலான திறன் கொண்டவை. நாட்டுக்கு ஒளி கொடுத்த மாவட்டத்தின் தோட்டங்களில் குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி வாங்க வசதி பெற்ற ஒருசிலர் லொறி பற்றரியைத் தலையில் சுமந்து நகரத்துக்கு வந்து, மின்னேற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஒரு லயனுக்கு ஒரு பெட்டி வந்தால் அந்தக் காம்பரா முழுக்கப் பிள்ளைகள்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் திரை அரசியலுக்குள் நுழைந்தது. ஒக்டோபர் 20ஆம் திகதி நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல். ஜே.ஆர். ஜயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ, றோகண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார என ஆறு பேர் போட்டியிட்டனர். வேட்பாளர் தம் முகத்தைத் திரையில் காட்டி வாக்குக் கேட்ட முதல் தேர்தலும் இதுவே. யாழ்ப்பாணத்தைத் தவிர ஏனைய எல்லா மாவட்டங்களிலும், மாத்தளை உட்பட, ஜயவர்தனவே முன்னணியில் வந்தார். டிசம்பர் 22ஆம் திகதி, பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பதற்கான சர்வசன வாக்கெடுப்பு அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்தது. சின்னங்கள் விளக்கும் பானையும். இடதுசாரி நாளேடான 'அத்த' அச்சான அச்சகம் மூடி முத்திரையிடப்பட்டது. ஒளிபரப்பு நிலையங்கள் இரண்டும் அரசின் கையில். நூற்றுக்கு 54 சொச்சம் வாக்குகளுடன் விளக்கு வென்றது.

சிறுபான்மை மொழியும் தொலைக்காட்சியும் பற்றிய கேள்வி அதே ஆண்டில் உலகின் மறுகோடியிலும் எழுந்தது. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் வெல்ஷ் மொழி பேசுவோர் சுமார் 5 இலட்சம் பேர்தான். தமது மொழிக்குத் தனி அலைவரிசை தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, க்வின்பர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980இல் அறிவித்தார். அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1ஆம் திகதி வெல்ஷ் அலைவரிசை ஒளிரத் தொடங்கியது. தொலைக்காட்சியைக் கண்டவர்களுள் முன்னோடியான ஜோன் லோகி பெயர்ட் பிறந்த ஸ்கொட்லாந்திலோ, கேலிக் மொழிக்குத் தனி அலைவரிசை கிடைக்க 2008ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்டுப் போராடியவர்களுக்கு முன்னதாகவும் ஏனையோருக்குப் பிந்தியும் கிடைப்பதே உரிமையின் இயல்பு போலும். நம் நாட்டில் சக்தி தொலைக்காட்சி 1998இலும், அரச தரப்பிலான வசந்தம் 2009இலும் வந்தன. ரூபவாஹினி தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் பதினாறு ஆண்டுகளும் இருபத்தேழு ஆண்டுகளும்.

இடையில் நடந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. சர்வசன வாக்கெடுப்பு முடிந்து ஏழு மாதங்களில் 1983 ஜூலை வந்தது. மாத்தளை நகரில் தமிழரின் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. அந்த வாரம், ஜூலை 28ஆம் திகதி, ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றினார். நாடே காத்திருந்து பார்த்த அந்த உரையில், வீடிழந்தும் உறவிழந்தும் நின்ற தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூட இருக்கவில்லை.

தொழில்நுட்பம் மக்களை இணைக்கும் என்று 1982இல் நாமெல்லோரும் எழுதினோம், நானும் எழுதினேன். மலைகளால் ஏற்படும் அலைத்தடையை உயரமான கோபுரம் ஒன்றால் நீக்கிவிடலாம். மனிதரிடையே உள்ள தடையை நீக்க அந்தக் கோபுரம் போதாது என்பதை அறிய எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அந்த முதியவர், அதை முதல் நாளிலேயே அறிந்திருந்தார்.